முழவும் வட்டமும்: அடியார்க்கு நல்லார் பகுப்பும் இற்றைப் பறைக்குழுக்களும்

1. தோற்றுவாய்

பலர் ஒருங்கு கூடி, வட்டமாக நின்றோ அமர்ந்தோ, தோற்கருவி முழக்கிப் பயிலும் கூட்டங்கள் இந்நாளில் உலகின் பல பகுதிகளிலும் பெருகியுள்ளன. மேலைநாட்டார் இதனை 'டிரம் சர்க்கிள்' என வழங்குவர். அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில் ஆர்தர் அல் என்பார் இம்முறையை வளர்த்து, 1998இல் அதனை நடத்தும் நெறி பற்றி நூலொன்றும் வெளியிட்டார். அதற்கு முன்னரே, 1991இல், மிக்கி ஆர்ட் என்னும் முழவுக் கலைஞர் முதியோர் நலம் பற்றிய அந்நாட்டு மேலவைக் குழுவின்முன் தோன்றி, கூடி முழக்குதல் முதியோர்க்கு நலம் தரும் என எடுத்துரைத்தார். தமிழகத்திலும் பறைப்பயிற்சிக் குழுக்கள் ஊர்தோறும் எழுகின்றன. இவற்றைக் கண்டு மகிழ்வோர் உளர்; 'இது புறநாட்டு வழக்கு' எனப் புறக்கணிப்போரும் உளர்; 'சங்ககாலப் பறையே மீண்டது' எனப் பெருமிதம் கொள்வோரும் உளர். இம்மூன்று நிலையும் ஆராயத்தக்கன. பறைவட்டம் ஒன்றைத் தொடங்குதற்கும் நடத்துதற்கும் உரிய நெறியைத் தமிழ் நூல்கள் தருகின்றனவா, தருமாயின் அது மூலத்தில் உளதா உரையில் உளதா என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகும் பொருள்.

2. பறை என்னும் சொல்

தொல்காப்பியர் கருப்பொருள்களைத் தொகுத்துரைக்கும் இடத்துத் தெய்வம், உணா முதலியவற்றோடு பறையையும் வைத்தார். நிலம்தோறும் ஒரு தெய்வமும் ஒரு தொழிலும் இருத்தல் போல ஒரு பறையும் உண்டு என்பது அவர் கருத்து. பின்வந்த நூலோரும் உரையாளரும் குறிஞ்சிக்குத் தொண்டகம், முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்திற்கு மணமுழவும் நெல்லரிகிணையும், நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி என விரித்தனர். எனவே பறை என்பது ஒரு கருவியின் சிறப்புப் பெயராக மட்டும் நின்றதன்று. தோற்கருவி அனைத்திற்கும் உரிய பொதுப்பெயராகவும் வழங்கிற்று என்பது தெளிவு. பறைதல் என்னும் வினை சொல்லுதற்பொருளில் நிற்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. மலையாளத்தில் அவ்வழக்கு இன்றும் உயிரோடுள்ளது.

இதனால் விளையும் முடிபுகள் இரண்டு. சங்கப் பாடல்களிற் பறை என வருமிடமெல்லாம் இன்று தோளில் தொங்கவிட்டு முழக்கும் வட்டச்சட்டப் பறையையே குறிக்கும் எனக் கொள்ளுதல் பொருந்தாது என்பது ஒன்று. பறை சாவிற்கே உரியது என்னும் உலகவழக்கிற்கு இலக்கியச் சான்று இல்லை என்பது மற்றொன்று. புறநானூற்றின் 194ஆம் பாட்டில் பக்குடுக்கை நன்கணியார் ஒரு மனையில் சாப்பறையும் மற்றொரு மனையில் மணமுழவும் ஒலிக்கும் உலகியலைக் காட்டுகின்றார். அப்பாடலில் இரங்கத்தக்கது உலகின் இயல்பே; கருவி இழிந்ததாகச் சொல்லப்படவில்லை. மாங்குடி கிழார் பாடிய 335ஆம் பாட்டு துடியனையும் பாணனையும் பறையனையும் கடம்பனையும் ஒருங்கு வைத்துச் சிறந்த குடிகளாகப் பேசுகின்றது. தோற்கருவியாளர் இருவர் அந்நால்வருள் இடம்பெறுதல் நோக்கத்தக்கது.

3. உரையாசிரியர் பகுப்பு

சிலப்பதிகார அரங்கேற்று காதையில் தண்ணுமை ஆசிரியன் அமைதி கூறும் பகுதிக்கு அடியார்க்கு நல்லார் எழுதிய உரை, தமிழிசை வரலாற்றிற்குக் கிடைத்த பெருஞ்செல்வம். 1892இல் உ. வே. சாமிநாதையர் அவ்வுரையோடு சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்திராவிடின், பேரிகை, படகம், இடக்கை, மத்தளம், கரடிகை, திமிலை, குடமுழா, தக்கை என நீளும் தோற்கருவிப் பட்டியலை நாம் இழந்திருப்போம்.

ஆயினும் அவ்வுரை பெயர்களைத் தொகுப்பதோடு நின்றிலது, தரமும் வகுத்தது. அகமுழவு, அகப்புறமுழவு, புறமுழவு, புறப்புறமுழவு, பண்ணமைமுழவு, நாண்முழவு, காலைமுழவு என ஏழாகப் பகுத்தபின், மத்தளம் முதலியவற்றை உத்தமம் என அகத்தில் வைத்தது. தண்ணுமை, தக்கை முதலியவற்றை மத்திமம் என அகப்புறத்தில் வைத்தது. கணப்பறை முதலியவற்றை அதமம் எனப் புறத்தில் நிறுத்தியது. நெய்தற்பறையோ புறத்திற்கும் புறத்தே, புறப்புறமுழவாயிற்று.

இப்பகுப்பை யாம் இருவகையில் மறுத்து நோக்குகின்றோம். முதலாவது, இதன் அடிப்படை யாது? தோலே காரணம் எனின், அது நிரம்பாது. மத்தளத்தின் வழிவந்ததாகக் கருதப்படும் மிருதங்கத்திற்கும் மாட்டுத் தோலே வேண்டும், பறைக்கும் அதுவே. மிருதங்கம் செய்வோர் வரலாற்றை ஆராய்ந்து டி. எம். கிருஷ்ணா 2020இல் வெளியிட்ட 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்னும் நூல், உயர்ந்த அவையில் ஒலிக்கும் கருவியின் பின்னே ஒடுக்கப்பட்டோர் கைகள் உள்ளமையைக் காட்டிற்று. தோல் ஒன்று, தொழிலும் ஒன்று, நிலை மட்டும் வேறு. எனவே தரவேறுபாடு கருவியிலிருந்து பிறந்ததன்று. கருவி ஒலிக்கும் அவையிலிருந்து பிறந்தது. இரண்டாவது, நெய்தற்பறை புறப்புறமானது அதன் ஒலிக்குறையாலன்று, அஃது ஒலிக்கும் பொழுதினாலாகும் என்றே கொள்ள நேர்கின்றது. சாவு எல்லார் மனைக்கும் உரியது. அதற்கு முழக்குவோன் மட்டும் ஊர்க்குப் புறம்பானான். இலக்கணப் பகுப்பும் சமூகப் பகுப்பும் ஒன்றையொன்று தாங்கி நின்றன என்பதை மறுத்தற்கில்லை.

4. மூலத்தின் நெறி

உரையை விடுத்து மூலத்தை நோக்குவார்க்கு வேறொரு காட்சி புலனாகும். தண்ணுமை முதல்வனுக்கு இளங்கோவடிகள் வகுத்த இலக்கணத்தில் கருவியின் உயர்வு தாழ்வு பேசப்படவில்லை. ஆடலும் பாடலும் இசையும் தமிழும் அவன் அறிந்திருத்தல் வேண்டும் என்பர். யாழும் குழலும் மிடற்றுப்பாடலும் செவ்வனே கேட்குமாறு அவன் தன் கையை அளவறிந்து செலுத்துதல் வேண்டும் என்பர். பிற கருவிகள் குறைந்துழி நிரப்பியும், மிகுந்துழி அடக்கியும், தன் முழக்கம் எதனையும் விஞ்சாதபடி காத்தலே அவன் தொழில். கையின் விரைவினும் செவியின் கூர்மையையே அடிகள் பெரிதாக மதித்தார் என்பது எம் கருத்து.

உரையாசிரியர்க்குத் தரம் முதன்மை. மூலவாசிரியர்க்குக் கேட்டல் முதன்மை. இவ்வேறுபாடே இக்கட்டுரையின் உயிர்நிலை.

வட்டமும் தமிழர்க்குப் புதிதன்று. ஆய்ச்சியர் குரவையில் மகளிர் எழுவர் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழிசைப் பெயர்களைப் பெற்று வட்டமாக நின்று கைகோத்து ஆடினர். அவருள் ஒருத்தி பெயரின்றி நின்றிருப்பின் இசை நிரம்பாது. வட்டத்திற்குத் தலையும் இல்லை, கடையும் இல்லை. அதன்கண் அகமுழவு இது, புறப்புறமுழவு இது எனச் சுட்டுதற்கு இடமே இல்லை. ஆகவே 'இது புறநாட்டு வழக்கு' என்பாரை நோக்கி, பெயர் புதிது, அமைப்பு பழையது என விடையிறுக்கலாம்.

5. தொடங்குதலும் நடத்துதலும்

நெறியை நிலத்தோடு பொருத்திக் காணாத ஆராய்ச்சி நிரம்பாது. திருப்பத்தூர் மாவட்டத்து ஏலகிரியை எடுத்துக்கொள்வோம். கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் பதினான்கு சிற்றூர்களைக் கொண்ட மலை அது. மலையாளிப் பழங்குடியினர் வாழ்வது. அதன் அடிவாரத்தை அடுத்துள்ள வாணியம்பாடியும் ஆம்பூரும் தோல் பதனிடுதலுக்கும் காலணிக்கும் பெயர்பெற்றவை. 2019இல் வேலூரினின்று இம்மாவட்டம் பிரிந்த பின்னும், தோல்தொழில் இப்பகுதிகளை ஒன்றாகவே பிணித்து நிற்கின்றது. தோலே வாழ்வாகிய இந்நிலத்தினும் பறைவட்டத்திற்குப் பொருந்திய களம் அரிது.

இங்கே ஒரு நுட்பம் கருதத்தக்கது. பதனிட்ட தோல் மெல்லிதாகி வளையும். காலணிக்கு அது வேண்டும். பறைக்கு அது உதவாது. பதனிடாது உலர்த்திய பச்சைத்தோலே விறைத்து ஒலிக்கும். வட்டச் சட்டத்தின்மேல் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி இழுத்துக் கட்டப்படும் அத்தோல் காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தளரும். தீயிற் காய்ச்சினால் மீண்டும் இறுகும். மலைமேல் பனி மிகுந்த காலையில் இத்தளர்ச்சி மிகும். ஆதலின் ஏலகிரியில் வட்டம் கூட்டுவோர் பொழுதையும் தீயையும் முதற்கண் எண்ணுதல் வேண்டும். வைக்கோல் தீயின் அருகே பறையைக் காட்டி, விரலால் தட்டி ஒலி தேர்தலே முதற்பாடம். புதியோர் அவ்வேலையைப் பிறர்க்கு விட்டு, காய்ந்த பறையை மட்டும் கைக்கொள்ளுவராயின், அவர் கலையின் பாதியை இழப்பர்.

அடுத்தது ஆசான். இடக்கையில் நீண்டு மெலிந்த சிம்புக்குச்சியும் வலக்கையில் குறுகித் தடித்த அடிக்குச்சியும் கொண்டு, இரண்டும் ஒன்றன் இடத்தை ஒன்று கவராமல் ஒலிக்கச் செய்தல் நூலால் வருவதன்று. வழிவழியாக முழக்கிய கலைஞர் ஒருவரே அதனைக் கற்பிக்க வல்லார். அவர்க்கு உரிய ஊதியம் நாளும் தவறாது தரப்படுதல் வேண்டும். அழைப்பிதழில் அவர் பெயர் முதலில் நிற்றல் வேண்டும். ஒத்தையடி, சப்பரத்தடி, வாழ்த்தடி என அடிகளின் பெயரை அவர் சொன்னவாறே சொல்லிப் பழகுதல் வேண்டும். பெயர் மாறின் வரலாறு மாறும்.

மூன்றாவது, நடத்தும் முறை. பலர் ஓரடியை நிலையாகப் பிடித்தல், சிலர் அதற்கு மறுமொழியாக முழக்குதல், ஒருவர் நடுவே சென்று ஆடி அடித்து மீளுதல் என மூன்று நிலை அமையின் வட்டம் தளராது. மிக்கு முழக்குவோனை அடக்கி, தயங்குவோனை நிரப்பும் பொறுப்பு ஆசானுடையது. அடிகள் தண்ணுமை முதல்வற்குச் சொன்ன இலக்கணம் இவற்கும் சாலப் பொருந்தும். பேரொலியால் வட்டம் வளராது. முழக்கத்தின் இடையே விழும் அமைதியை எல்லாரும் ஒருங்கு கேட்கும் நாளிலேயே அது வட்டமாகும். மலையூரார் தம் விழாக்களில் முழக்கும் கருவிகளைக் கேட்டறிந்து அவற்றிற்கும் இடம் தருதலும், ஆலையில் உழைக்கும் மகளிர்க்கு ஏற்ற விடுமுறை நாளைத் தேர்தலும் நடத்துவோர் கடமைகளாம்.

6. ஒரு தடையும் விடையும்

'எல்லாரும் முழக்கலாம் எனின், முழக்கியதற்காகவே இழிவுற்றோர் நிலை என்னாவது?' என்னும் தடை எழும். இது வலிமையுடைய தடை, எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. சாவிற்குப் பறை முழக்குதல் பிறப்பால் விதிக்கப்பட்ட கடமையாயிருந்தது. அக்கடமையை மறுத்துப் பறையைக் கீழே வைத்தலே விடுதலை எனத் துணிந்த ஊர்களும் தமிழகத்தில் உண்டு. அவர் கீழே வைத்த கருவியைப் பிறர் பொழுதுபோக்காக எடுத்து, விருந்தினர் விடுதியின் இரவுத் தீயருகே முழக்கி மகிழ்வராயின், அது மீட்சி ஆகாது. இரண்டாம் முறை பறித்தலே ஆகும். மலைவாழ் சுற்றுலா நிலமாகிய ஏலகிரியில் இவ்விடர் பிற இடங்களினும் மிகுதி.

எனினும் கீழே வைத்தல் ஒன்றே வழியன்று என்பதற்கும் சான்று உண்டு. திண்டுக்கல்லில் 1990இல் சகோதரி சந்திரா தோற்றுவித்த சக்தி கலைக்குழுவில், ஒடுக்கப்பட்ட குடிகளைச் சேர்ந்த இளமகளிர் பறையைத் தாமே எடுத்து ஆடி முழக்கினர். ஆடவர்க்கே உரியது என்னும் தடையையும் இழிந்தது என்னும் தடையையும் அவர் ஒருங்கே கடந்தனர். அலங்காநல்லூர் வேலு ஆசான் பல ஆண்டுகள் பறை முழக்கியும் கற்பித்தும் வந்து 2025இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். இவ்விரு நிகழ்ச்சியிலும் பறையை எடுத்தவர் அதனால் முன்னர்த் தாழ்த்தப்பட்டவரே; பிறர் அவரிடம் கற்கச் சென்றனர். வரிசை மாறிற்று. இம்மாற்றமே மீட்சிக்கும் பறித்தலுக்கும் இடையேயுள்ள எல்லை.

இன்னொன்றும் கூறுதல் தகும். சாப்பறையை முற்றும் விலக்கி, 'மங்கலத்திற்கே முழக்குவோம்' என விதி செய்யும் குழுக்கள், தம்மை அறியாமலே அடியார்க்கு நல்லாரின் புறப்புறத்தை ஏற்றுக்கொள்கின்றன. இழிவு சாவில் இல்லை, கட்டாயத்தில் உளது. விரும்பி, உரிய மதிப்போடு, தம் கூட்டத்தார் ஒருவர் மறைந்த ஞான்று வட்டம் முழங்குமாயின், நன்கணியார் கண்ட இரு மனைகளும் ஒரு முழவின்கீழ் வரும்.

7. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். பறை என்பது பொதுப்பெயராகவும் வழங்கிற்று. அதனை ஒரு கருவிக்கும் ஒரு நிகழ்ச்சிக்கும் சுருக்கியது பிற்கால வழக்கு. தோற்கருவிகளைத் தரப்படுத்திய உரைப்பகுப்பு அவைப்பகுப்பேயன்றி இசைப்பகுப்பு அன்று. அடிகள் வகுத்த மூலநெறி கேட்டலை அடிப்படையாகக் கொண்டது. இற்றைப் பறைவட்டத்திற்கு அதுவே தக்க இலக்கணம். அவ்வட்டம் வழிவழி முழக்கியோரை ஆசானாகக் கொண்டு, அவர்க்கு ஊதியமும் பெயரும் முதலிடமும் தந்து நடைபெறின் நிலைக்கும். அல்லாக்கால் ஓசையே எஞ்சும் என்பது எம் துணிபு. ஏனைய உரையாசிரியர்கள் முழவு பற்றிக் கூறியவற்றை இந்நோக்கில் ஒப்பிட்டு ஆராய்தல் பட்ட மேற்படிப்பு மாணவர்க்கு நற்பணியாகும். அவர் ஏட்டோடு அமையாது, ஒரு நாளேனும் பறையைத் தீயிற் காய்ச்சி அதன் ஒலி ஏறுதலைத் தம் செவியாற் கேட்டபின் எழுதுதல் நலம்.