ஒளிய இடமில்லாத பீர்

நல்ல லாகர் பீரின் அருமை அதில் இல்லாத சுவைகளில் இருக்கிறது. ரொட்டியின் மேலோட்டை நினைவூட்டும் மால்ட் வாசம், அதன் பின்னே ஹாப்ஸின் சுத்தமான கசப்பு, அவ்வளவுதான். வாழைப்பழ மணமோ கிராம்பின் காரமோ கிடையாது. கறுத்த ஸ்டவுட் பீரில் சிறு பிழை நேர்ந்தால் வறுத்த பார்லியின் கருகல் வாசம் அதை மூடிவிடும். லாகரில் பிழை ஒளிந்துகொள்ள இடமே இல்லை. வீட்டில் பீர் காய்ச்சுகிற ஒருவரின் கைப்பக்குவத்தை அறிய அவருடைய வெளிறிய லாகரைத்தான் கேட்டு வாங்கிக் குடிப்பேன்.

இந்தச் சுத்தத்தைக் கொடுத்தது குளிர். கோடையில் காய்ச்சிய பீர் புளித்துக் கெட்டதால், 1553இல் பவேரியாவின் கோமகன் ஐந்தாம் ஆல்பிரெக்ட் ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சுவதற்குத் தடை விதித்தார். குளிர்காலத்தில் காய்ச்சி, பாதாள அறைகளில் பனிக்கட்டியோடு வைத்து முதிரவிட்டார்கள். குளிரில் மயங்கும் ஈஸ்ட் பின்தங்கியது. குளிரிலும் உழைக்கும் ஈஸ்ட் நிலைத்தது. அது ஒரு கலப்பினம். ஒரு பெற்றோர் வெதுவெதுப்பில் நொதிக்கும் ஏல் பீரின் பழகிய ஈஸ்ட். மற்றொன்று குளிர் தாங்கும் காட்டு ஈஸ்ட். தென் அமெரிக்காவின் பட்டகோனியாக் காடுகளில் அதைக் கண்டெடுத்த செய்தி 2011இல்தான் வெளிவந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே, 1842 அக்டோபரில், ஜோசப் க்ரோல் பில்சன் நகரில் அந்தக் கலப்பின ஈஸ்ட்டைக் கொண்டு பொன்னிறப் பீரைக் காய்ச்சிவிட்டார். 1883இல் எமில் ஹான்சன் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் அந்த ஈஸ்ட்டைத் தனியே பிரித்து வளர்த்தார்.

அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்ச அனுமதிக்கும் கூட்டரசுச் சட்டத்தில் 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டார். குளிர் மிகுந்த மினசோட்டா, விஸ்கான்சின் போன்ற மாநிலங்களில் அப்படிக் காய்ச்சுபவரின் அடித்தள அறை ஜனவரியில் பழைய பவேரியப் பாதாள அறையாகவே மாறிவிடும். குழாயில் வரும் தண்ணீரும் சில்லென்றிருக்கும். கொதித்த இருபது லிட்டர் மால்ட் சாற்றில் செப்புச் சுருளை இறக்கி அந்தத் தண்ணீரை ஓடவிட்டால், கோடையில் எட்டவே முடியாத குளிர்ச்சிக்குச் சாறு விரைவில் இறங்கிவிடும்.

அந்த அறையில்தான் புதியவர்களுக்கு முதல் சறுக்கல். கடையில் கிடைக்கும் தொடக்கப் பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது ஏல் ஈஸ்ட். அதற்கு 18 முதல் 22 டிகிரி செல்சியஸ் வேண்டும். மார்கழியில் இட்லி மாவு பொங்க மறுப்பதைப் போல, 12 டிகிரியில் அது சோம்பி அடியில் படிந்துவிடும். வாயு வெளியேறும் நீரடைப்பான ஏர்லாக்கில் குமிழி வரவில்லை, ஈஸ்ட் செத்துவிட்டது என்று சாக்கடையில் கொட்டிவிடுகிறார்கள். கொட்டாதீர்கள். அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டுப் பாருங்கள். 1.050இல் தொடங்கிய சாறு 1.025இல் நின்றிருந்தால் ஈஸ்ட் தூங்குகிறது என்று பொருள். கலனை மாடிக்குக் கொண்டுபோய் 20 டிகிரியில் வைத்து, மூடியைத் திறக்காமல் மெதுவாகச் சுழற்றிவிட்டால் பெரும்பாலும் விழித்துக்கொள்ளும். 1.012க்கு வந்து மூன்று நாள் அசையாமல் இருந்தால் வேலை முடிந்தது. குமிழியை நம்பக் கூடாது. குளிர்ந்த பீரைச் சூடான இடத்துக்கு மாற்றினால், கரைந்திருந்த கரியமில வாயுவே குமிழியாக வெளியேறும். நொதிப்பு மீண்டும் தொடங்கியதாகத் தோன்றும். திடீரென்று குளிர்ந்தாலோ உள்ளிருக்கும் காற்று சுருங்கி ஏர்லாக் நீரை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் அதில் கொதிக்கவைத்து ஆறிய நீரை ஊற்றுவது நல்லது.

சுவரில் தொங்கும் வெப்பமானி சொல்வது அறையின் கதை. நொதிக்கும்போது ஈஸ்ட் தானே வெப்பம் உண்டாக்கும். மும்முரமான நாட்களில் சாறு அறையைவிடச் சில டிகிரி சூடாக இருக்கும். வெப்பமானியைக் கலனின் பக்கவாட்டில் ஒட்டி, மேலே ஒரு துண்டுத் தெர்மாகோலை வைத்துக் கட்டினால் உண்மை தெரியும். சூட்டுப்பட்டை எனக்கு உவப்பில்லை. சுற்றிய இடத்தை மட்டும் சுடவைக்கும். பெரிய தொட்டியில் தண்ணீர் நிரப்பி, மீன்தொட்டி ஹீட்டரைப் போட்டு, நடுவில் கலனை வைத்தால் இரவும் பகலும் ஒரே சூடு. ஈஸ்ட்டுக்குப் பிடிக்காதது ஏற்ற இறக்கம்.

லாகர் ஈஸ்ட் 9 முதல் 12 டிகிரியில் உழைக்கும், ஆனால் நிதானமாக. அதனால் ஏலுக்குப் போடுவதைப்போல் இரண்டு மடங்கு ஈஸ்ட் தேவை. இந்தச் செலவில் சிக்கனம் பிடிப்பவர்களுக்கு நல்ல லாகர் வாய்ப்பதில்லை. சாற்றை முதலில் குளிரவைத்துப் பிறகு ஈஸ்ட்டைச் சேர்க்க வேண்டும். நொதிக்கும்போது எழும் அழுகிய முட்டை வாசம் பயமுறுத்தும், ஆனால் அது இந்த ஈஸ்ட்டின் இயல்பு, முதிரும்போது போய்விடும்.

போகாமல் தங்குவது வெண்ணெய் வாசம். திரையரங்கு பாப்கார்ன் நினைவு வந்தால் அது டையசிட்டைல். ஈஸ்ட் வளரும்போது வெளியே தள்ளும் ஒரு பொருள் பீரில் மெல்ல மெல்ல இதுவாக மாறுகிறது. கடைசியில் அதே ஈஸ்ட்தான் இதைத் திரும்ப எடுத்துக் கரைக்க வேண்டும். குளிரில் ஈஸ்ட் அதற்குள் உறங்கிவிட்டால் வெண்ணெய் அப்படியே நிற்கும். எனவே நொதிப்பு முடியும் தறுவாயில் கலனை 16 அல்லது 18 டிகிரிக்கு ஏற்றி இரண்டு மூன்று நாள் வைப்பார்கள். போதுமா என்று அறிய எனக்கு மிகவும் பிடித்த ஒரு சோதனை உண்டு. சிறிது பீரை இரண்டு கோப்பைகளில் எடுத்து மூடி, ஒன்றை மட்டும் 60 டிகிரி வெந்நீரில் இருபது நிமிடம் நிறுத்தி, ஆறவைத்து, இரண்டையும் முகர வேண்டும். சூடாக்கியதில் வெண்ணெய் எழுந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். பச்சை ஆப்பிள் வாசம் வந்தாலும் அவசரப்பட்டுவிட்டோம் என்றே அர்த்தம்.

ஆக்கப் பொறுத்தவர் ஆறவும் பொறுக்க வேண்டும்: பிறகு உறைநிலையை ஒட்டிய குளிரில் நாலு முதல் எட்டு வாரம். புட்டியில் அடைக்கும்போது இன்னொரு கண்ணி. குளிர்ந்த திரவத்தில் வாயு அதிகம் தங்கும் என்று படித்தவர்கள், இப்போதைய 2 டிகிரியை வைத்துக் கணக்கிட்டுச் சர்க்கரையைக் குறைத்துவிடுகிறார்கள். 18 டிகிரிக்கு ஏற்றியபோதே வாயு வெளியேறிவிட்டது. மறுபடி குளிர்ந்ததால் அது திரும்பி வராது. எட்டிய உச்ச வெப்பநிலையைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும். அடைத்த புட்டிகளைக் குளிரறையிலேயே வைத்தால் நுரை கட்டாது. அப்போது மூடியைத் திறந்து மறுபடி சர்க்கரை போடுவது ஆபத்து, புட்டி வெடிக்கும். 20 டிகிரியில் இரண்டு மூன்று வாரம் வைத்தாலே போதும்.

இவ்வளவு காலம் காத்திருக்க முடியாதவர்களுக்கு நார்வேயின் மேற்குப் பகுதிப் பண்ணைகள் வேறொரு வழி காட்டுகின்றன. அங்கே தலைமுறைகளாக மரவளையங்களில் உலர்த்திப் பாதுகாத்த க்வைக் ஈஸ்ட்டை, 35 டிகிரிக்கும் மேலான வெதுவெதுப்பான சாற்றில் போட்டுவிடுவார்கள். வோஸ் பகுதியின் ஈஸ்ட் சில நாட்களில் வேலையை முடித்து, ஆரஞ்சு மணத்தையும் கொடுத்துவிடும். எனக்கு அந்தப் பீர் மிகவும் பிடிக்கும். ஆனால் அந்த மணம் பல பிழைகளை மூடிவிடும் என்பதால், கற்றுக்கொள்ள வருபவர்களிடம் முதல் குளிர்காலத்தை லாகருக்குக் கொடுங்கள், க்வைக்கை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் சொல்வேன்.