டெபியன் சாசனம்: இலக்கு வைப்பது யார்?

போன வாரம் டெபியன் திட்டத்தின் சாசனத்தை மறுபடியும் உட்கார்ந்து படித்தேன். 1998 டிசம்பரில் ஏற்கப்பட்டது. சம்பளம் இல்லாமல் வேலை செய்யும் ஆட்களுக்கு எழுதிய விதிகளில் நான் பார்த்தவரை இதுதான் நேர்மையானது. யாரும் எந்த வேலையையும் செய்தாக வேண்டிய கட்டாயம் இல்லை என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறது. முறைப்படி எடுத்த முடிவுக்கு எதிராக வேலை பார்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

இதில் எனக்கு ஒரு குறை உண்டு. திட்டத்தின் பொதுவான நோக்கங்களைச் சொல்லும் ஆவணத்தை எல்லாரும் வாக்களித்து வெளியிடலாம். சண்டை வந்தால் தொழில்நுட்பக் குழு தீர்க்கும். ஆனால் 'அடுத்த வெளியீட்டுக்குள் எல்லா பேக்கேஜும் இப்படி மாறணும்' என்று சொல்லும் உரிமை யாருக்கு? அதைப் பற்றித் தனி விதி கிடையாது.

அந்த இடைவெளியை ஒரு காலத்தில் வெளியீட்டுக் குழு நிரப்பியது. வெளியீட்டு இலக்குகள் என்று பட்டியல் போட்டார்கள். 2013-இல் வந்த வீஸிக்கு மல்ட்டிஆர்ச் அப்படி ஒரு இலக்கு. பின்னாடி அந்த வழக்கம் நின்றுபோனது. அந்தக் குழு கையில் இருக்கும் நிஜமான அதிகாரம் 'இது வெளியீட்டில் சேராது' என்று சொல்வது மட்டும்தான். அதை வச்சு ஒருத்தரை வேலை செய்ய வைக்க முடியுமா?

இதற்கு மாற்றாக எல்லாரும் காட்டும் உதாரணம் மறு-உருவாக்க முயற்சி, அதாவது ஒரே மூல நிரலைக் கம்பைல் செய்தால் பிட்டுக்குப் பிட்டு ஒரே பேக்கேஜ் வர வேண்டும் என்பது. 2013-இல் சிலர் யாரிடமும் கேட்காமல் ஆரம்பித்தார்கள். பேக்கேஜ்களைத் தொடர்ந்து சோதித்தார்கள், உடைந்த இடத்துக்கு பேட்ச் எழுதி அனுப்பினார்கள். 2017-இல்தான் அது டெபியன் கொள்கையில் 'இப்படி இருக்க வேண்டும்' என்று ஏறியது. வேலை முதலில், விதி அப்புறம். 'செய்கிறவரே தீர்மானிக்கிறார்' என்று இதைக் கொண்டாடுவார்கள். பாதிதான் சரி. 2015-இல் லினக்ஸ் பவுண்டேஷனின் ஒரு நிதியிலிருந்து அந்த வேலைக்குப் பணம் வந்தது. நேரம் இருக்கிறவர்தான் செய்ய முடியும், நேரத்துக்கு விலை உண்டு. அப்போ இலக்கு வைப்பது யார்? இதை அந்தக் கோஷம் மறைக்குது.

சாசனம் தொடாத இன்னொன்று மௌனம். எதிர்ப்பது தப்பு, சரி. பதிலே போடாமல் இருப்பது? இலக்குகள் பெரும்பாலும் அதில்தான் சாகின்றன. இதற்கு மருந்து சாசனத்தில் இல்லை, டெவலப்பர் கையேட்டில் இருக்கிறது. அடுத்தவர் பேக்கேஜை நீங்கள் திருத்தி ஏற்றலாம், ஆனால் காத்திருக்க வேண்டும். முக்கியமான பிழை என்றால் ஐந்து நாள், சாதாரணமானது என்றால் பத்து நாள். அதற்குள் பராமரிப்பாளர் குறுக்கே வரலாம். யாரையும் ஏவவில்லை, யாருடைய தூக்கமும் எல்லாரையும் நிறுத்துவதில்லை. மொத்த ஏற்பாட்டிலும் புத்திசாலித்தனமான பகுதி இந்த நாள் கணக்குதான் என்பேன்.

ஏன் இதையெல்லாம் தோண்டினேன் என்றால், நான் இருக்கும் ஒரு சின்னத் தன்னார்வத் திட்டத்தில் மொழிபெயர்ப்பு அணி வைத்த இலக்கு ஒன்று எட்டு மாசமா நகரவில்லை. கூட்டத்தில் கை தூக்கி ஏற்றுக்கொண்டதுதான். யார் முட்டுக்கட்டை என்று தேடினால், அவர்கள் அனுப்பிய பேட்ச் என் வரிசையில் கிடக்குது. வேண்டாம்னு நான் சொல்லவே இல்லை, பதில் போடலை, அவ்வளவுதான். அவர்களும் மரியாதைக்காகச் சும்மா இருந்துவிட்டார்கள். நேற்று அதை இணைத்துவிட்டு, பத்து நாள் விதியை எங்கள் ரீட்மீயில் சேர்த்தேன். முதலில் என் மாட்யூலுக்கு மட்டும்.