வாசலில் கேட்கும் கேள்வி

2012 டிசம்பரில் டெல்லிப் பேருந்தில் ஒரு பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையில் குற்றவாளியாகத் தீர்மானிக்கப்பட்ட ஒருவனுக்கு அப்போது 18 வயது நிரம்பவில்லை. சட்டம் விதித்த மூன்றாண்டைக் கழித்துவிட்டு 2015 டிசம்பர் 20 அன்று வெளியே வந்தான். இரண்டே நாளில் மாநிலங்களவை புதிய சிறார் நீதிச் சட்டத்தை நிறைவேற்றியது. ‘அவன் திருந்திவிட்டானா?’ என்ற மக்களின் அச்சத்தைப் பழிவாங்கும் வெறி என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

ஆனால் அந்த அச்சத்துக்குச் சட்டம் தந்த மருந்து 15ஆம் பிரிவு. குறைந்தபட்சத் தண்டனையே ஏழாண்டோ அதற்கு மேலோ உள்ள கொடுங்குற்றத்தில் 16 முதல் 18 வயதுச் சிறார் மீது புகார் வந்தால், இளைஞர் நீதிக் குழுமம் மூன்று மாதத்துக்குள் முதற்கட்ட மதிப்பீடு செய்ய வேண்டும். அந்தக் குற்றத்தைச் செய்யும் மனத்திறனும் உடல்திறனும் அவனுக்கு இருந்தனவா, விளைவு புரிந்ததா என்று பார்த்து, பெரியவர்களைப் போல் விசாரிக்கலாமா என முடிவெடுக்கும். குற்றமே இன்னும் நிரூபணமாகவில்லை. ‘நான் செய்யவேயில்லை’ என்கிற பையனிடம், செய்தபோது என்ன நினைத்தாய் என்று எப்படிக் கேட்பது? குழுமத்தில் குழந்தை உளவியல் படித்தவர் இல்லாவிட்டால் நிபுணர் உதவி கட்டாயம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல திருத்தம்தான். எந்த நிபுணரும் எதிரே உட்கார்ந்திருக்கும் இன்றைய பையனைத்தான் பார்க்க முடியும். சம்பவ நாளின் மனம் அவர் கைக்கு எட்டாது.

இதே சட்டத்தில் அறிவுள்ள பிரிவு ஒன்றும் இருக்கிறது. அப்படிப் பெரியவர்களைப் போல் விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்றவன் அது முடியுமுன் 21 வயதை எட்டினால், அவன் திருந்தியிருக்கிறானா என்று குழந்தைகள் நீதிமன்றம் மறுபடி பார்க்கும். நிபந்தனையோடு விடலாம், சிறைக்கும் அனுப்பலாம். பொதுமக்களின் பாதுகாப்புக்கு உண்மையில் உதவும் கேள்வி இது. டெல்லிச் சம்பவத்தில் கேட்கப்படாததும் இதுவே. வெளியே வரும்போது கேட்க வேண்டியதை உள்ளே நுழையும்போது கேட்கிறோம்.

இடையில் அவன் இருக்கும் இடம் எப்படி? செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் இருந்த 17 வயதுச் சிறுவன் 2022 டிசம்பர் இறுதியில் இறந்தான். அடித்ததாக அங்கிருந்த பணியாளர்களே கைதானார்கள். பிறகுதான் இல்லங்களைச் சீரமைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒருநபர் குழுவாக அரசு அமைத்தது. அடித்து வளர்த்து அனுப்புகிற இல்லத்தால் ஊருக்கு என்ன பாதுகாப்பு?

15ஆம் பிரிவை நீக்க வேண்டும். விடுதலைக்கு முந்தைய மதிப்பீட்டைக் கொடுங்குற்றம் நிரூபணமான எல்லாச் சிறாருக்கும் விரிவுபடுத்த வேண்டும்.