‘புல்லாறு’ – ஒரு திறனாய்வு

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத் தென்கோடியில் பரந்து கிடக்கும் எவர்கிளேட்ஸ் ஈரநிலத்தைப் பற்றி மார்ஜரி ஸ்டோன்மன் டக்ளஸ் அம்மையார் எழுதிய நூல் 1947-ஆம் ஆண்டு வெளிவந்தது. ‘எவர்கிளேட்ஸ்: புல்லாறு’ என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். இந்நூலைப் புகழ்வோர் பலர். அவர்களுள் எத்தனை பேர் முதல் அத்தியாயத்தைத் தாண்டியிருப்பார்கள் என்பது நம் ஐயம்.

அவ்வத்தியாயம் புகழுக்குரியதே. அதுவரை மக்கள் அப்பகுதியைச் சதுப்பு என்றே அழைத்து வந்தனர். சதுப்பென்றால் வற்றச் செய்ய வேண்டியது. வற்றச் செய்பவன் நாட்டுக்கு நன்மை செய்தவன். அம்மையாரோ அதனை ஆறு என்றார். ஓக்கிசோபி ஏரியில் நிரம்பி வழிந்த நீர் ஏறத்தாழ 100 மைல் நீளத்துக்கு, சில இடங்களில் 50 மைலுக்கும் மேற்பட்ட அகலத்தில், ஆழமின்றிப் பரந்து தெற்கே நகர்ந்து கடலை அடைந்தது. சரிவு மைலுக்குச் சில அங்குலமே. ஓடுவது கண்ணுக்குத் தெரியாது, ஆயினும் ஓடுகிறது. ஓடும் நீரை மறிப்பது நிலம் திருத்துவதாகாது, ஆற்றைக் கொல்வதாகும். ஒரு சொல் மாறியதும் வழக்கே மாறிவிட்டது.

இச்சொல் வெறுங்கற்பனையன்று. அமெரிக்க ஆறுகள் பற்றிய நூல்வரிசைக்காக மயாமி ஆற்றைக் குறித்து எழுதும்படிதான் பதிப்பகத்தார் அவரைக் கேட்டனர். நிலத்தடி நீரை ஆராய்ந்து வந்த கேரல்ட் பார்க்கரிடம் ஆறு எனலாமா என்று கேட்டுத் தெளிந்த பின்னரே அம்மையார் அவ்வாறு எழுதினார். உவமைக்கு ஆதாரம் தேடும் எழுத்தாளர் எம்மொழியிலும் அரியர்.

‘புல்’ என்பதுதான் சற்றே இடிக்கிறது. வாள்பல் போன்ற விளிம்புடன் ஆளுயரத்துக்கு மேல் வளரும் அப்பயிர் புல்லன்று, கோரைக் குடும்பத்தது. அம்மையாரும் நூலினுள்ளே இதனைச் சொல்லிவிடுகிறார். நம்மவர் நெய்யும் பத்தமடைப் பாயில் அமர்ந்து படிக்கும் நமக்கு இது பெருங்குறையாகத் தோன்றாது. நாமும் ‘கோரைப்புல்’ என்றுதானே சொல்லி வருகிறோம்!

மெய்யான குறை நடுப்பகுதியில் இருக்கிறது. ஸ்பானியர் வருகை, செமினோல் பழங்குடியினரோடு நடந்த போர்கள், நிலவணிகரின் சூழ்ச்சிகள் என வரலாறு நீண்டு செல்கிறது. வரலாறு வேண்டியதே. ஆனால் அங்கு வாழும் உயிர்கள் பல பக்கங்களுக்கு நம் பார்வையினின்றும் மறைந்துவிடுகின்றன. நீர் வற்றும் பருவத்தில் அலிகேட்டர் முதலை தோண்டிய குழிகளில் நீர் எஞ்சி நிற்கும். மீனும் ஆமையும் கொக்கும் அவற்றை அண்டியே பிழைக்கும். ஆப்பிள் நத்தையையே பெரிதும் நம்பி வாழும் பருந்து ஒன்றும் அங்குண்டு. நீர்மட்டம் பிசகினால் நத்தை குறையும், பருந்தும் குறையும். அவ்வுறவுகளை விரித்துரைக்க அப்பக்கங்களுள் சில பயன்பட்டிருக்கலாம்.

இறுதி அத்தியாயத்தில் கால்வாய்களையும் காட்டுத்தீயையும் உப்புநீர் ஏற்றத்தையும் பேசும்போது அம்மையாரின் நடை மீண்டும் கூர்மை பெறுகிறது. அச்சினம் வீண் போகவில்லை என்றும் சொல்லலாம், போயிற்று என்றும் சொல்லலாம். 1947 டிசம்பரில் எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்கா திறக்கப்பட்டது. மறு ஆண்டே பெருங்கால்வாய்த் திட்டத்துக்கு அரசு ஒப்புதல் அளித்தது. வடக்கே 103 மைல் வளைந்தோடிய கிஸ்ஸிமி ஆறு, 1962 முதல் 1971 வரை நடந்த பணியால் 56 மைல் கால்வாயாயிற்று. அதன் ஒரு பகுதியைப் பழையபடி வளைந்தோடச் செய்யும் பணி 1999-இல் தொடங்கி 2021-இல்தான் முடிந்தது. 1998-இல் 108 வயதில் மறைந்த அம்மையார் அதனைக் காணவில்லை.

பிற்காலப் பதிப்புகளில் 1947-க்குப் பிந்திய செய்திகளும் சேர்க்கப்பட்டுள்ளன. வாங்குவோர் அவற்றுள் ஒன்றைத் தேடி வாங்குதல் நலம்.