தேடும் முன்னே இடம் அறிதல்

உதவித்தொகை விண்ணப்பங்களில் 4,000 பெயர்கள். சேர்க்கைப் பதிவேட்டில் 4,000 பெயர்கள். இரண்டையும் ஒப்பிட மாணவர் ஒருவர் நிரல் எழுதினார். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் பதிவேட்டை முதலிலிருந்து கடைசி வரை படித்தது அந்நிரல். மொத்தம் 1 கோடியே 60 லட்சம் ஒப்பீடுகள்! "வேகமான கணிப்பொறி வேண்டும், சார்" என்றார். நான் கொடுத்தது ஒரு நூலை.

டொனால்டு குனூத் எழுதிய 'கணிப்பொறி நிரலாக்கக் கலை' வரிசையின் மூன்றாம் தொகுதி 1973-இல் வெளிவந்தது. இரண்டாம் பதிப்பு 1998-இல். அதன் ஆறாம் அதிகாரத்தில் வரும் 'ஹேஷ்' முறையைப் பற்றியே இங்குக் கூற விரும்புகிறேன்.

கணிப்பொறிக்கு ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண். பெயரின் எழுத்துகளைக் கோத்து ஒரு பேரெண் ஆக்குவோம். அதை 8,009-ஆல் வகுத்தால் வரும் மீதியே அப்பெயர் தங்கும் அறையின் எண். தேடும்போதும் அதே கணக்கைச் செய்து நேரே அந்த அறைக்குப் போகலாம்.

இரு பெயர்களுக்கு ஒரே அறை வந்தால்? 23 பேர் கூடினாலே இருவரின் பிறந்தநாள் ஒன்றாக இருக்கப் பாதிக்கு மேல் வாய்ப்புண்டு. இந்த உண்மையைக் காட்டி, மோதல் தவிர்க்க இயலாதது என்று ஆசிரியர் முதலிலேயே ஒப்புக்கொள்கிறார். மோதினால் அடுத்த காலி அறைக்குச் செல்ல வேண்டும். அறைகள் பாதி நிரம்பியிருந்தால், உள்ள பெயரைக் காணச் சராசரியாக 1.5 அறைகளைப் பார்த்தால் போதும். பத்தில் ஒன்பது பங்கு நிரம்பினால் 5.5. ஆதாயத்தோடு அதன் விலையையும் கணக்கிட்டுச் சொல்வதே இந்நூலின் பெருமை.

குறைகளும் உண்டு. நிரல்கள் 'மிக்ஸ்' என்ற கற்பனைப் பொறியின் மொழியில் உள்ளன. புதிய மாணவர் மிரள்வார். ஒலியொத்த பெயர்களைத் தேடும் 'சவுண்டெக்ஸ்' முறையும் நூலில் உண்டு. ஆனால் அது ஆங்கில எழுத்துகளுக்கானது.

நமக்கு இது சிறு குறையன்று. மாணவரின் புதிய நிரல் நொடியில் முடிந்தது. ஆனால் 'இராஜன்' என விண்ணப்பித்தவர் பதிவேட்டில் 'ராஜன்'. ஓர் எழுத்து மாறியதால் அறையும் மாறியது. தகுதியுள்ள ஒருவர் பட்டியலிலிருந்து விடுபட்டார். பழைய நிரலும் அவரைத் தவறவிட்டிருக்கும்; புதியது விரைவாகத் தவறவிட்டது, அவ்வளவே. பெயருக்குப் பதில் பதிவெண்ணை வைத்து ஒப்பிட்டபின்தான் அவர் கிடைத்தார்.

எப்படித் தேடுவது என்பதை இந்நூல் ஐயமறக் கற்பிக்கிறது. எதை வைத்துத் தேடுவது என்பதை நாம்தான் சிந்திக்க வேண்டும்.