தொண்டரும் குண்டரும்

கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை போயிருக்கிறீர்களா? மலை உச்சியில் தீபம் ஏற்றும் பத்தாம் நாளுக்குத்தான் கூட்டம் அலைமோதும். ஆறாம் நாள் காலையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். அறுபத்துமூவர் வீதியுலா. நாயன்மார்களைச் சுமந்து வருவது பள்ளிக்கூடப் பிள்ளைகள். அந்த அறுபத்துமூவருக்குத் தமிழ் வைத்த பெயர் தொண்டர். பெரியபுராணத்துக்கே திருத்தொண்டர் புராணம் என்றுதான் பெயர்.

அந்தச் சொல்லை நாம் யார் யாருக்கெல்லாம் தூக்கிக் கொடுத்திருக்கிறோம், தெரியுமா?

2000 பிப்ரவரி 2. ப்ளசன்ட் ஸ்டே ஓட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை அறிவித்த நாள். தர்மபுரி பக்கம் இலக்கியம்பட்டியில், கல்விச் சுற்றுலா வந்த கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகளின் பஸ்ஸுக்கு அ.தி.மு.க.வினர் தீ வைத்தார்கள். மூன்று மாணவிகள் கருகிப்போனார்கள். இந்த மாதிரி சமயத்துக்கென்றே நம்மிடம் வார்த்தைகள் ரெடியாக இருக்கின்றன: 'ஆத்திரமடைந்த தொண்டர்கள்', 'அசம்பாவிதம்'. அசம்பாவிதமாம்! பெட்ரோல் தன்னைத்தானே ஊற்றிக்கொள்ளுமா என்ன?

மூன்று பேருக்குத் தூக்கு விதிக்கப்பட்டது. கும்பல் ஆவேசத்தில் நடந்தது என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் அதை ஆயுளாக்கியது. 2018-ல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டி மூவரும் விடுதலை.

இது ஒரு கட்சியின் வியாதி இல்லை. 2007 மே 9, மதுரை தினகரன் அலுவலகம். ஒரு கருத்துக்கணிப்பு பிடிக்காமல் தீ வைத்ததில் உள்ளே இருந்த மூன்று பேர் செத்தார்கள். வைத்தவர்களுக்குக் கிடைத்த பட்டம், அழகிரி 'ஆதரவாளர்கள்'. 2009-ல் எல்லோரும் விடுதலை. பன்னிரண்டு வருஷம் கழித்து, 2019-ல்தான் உயர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது.

இப்போது மறுபடி திருவண்ணாமலைக்கு வாருங்கள். 2023-ல் இதே மாவட்டத்தில், செய்யாறு பக்கம் மேல்மாவில், சிப்காட்டுக்கு நிலம் தர மாட்டோம் என்று நூறு நாளைத் தாண்டிப் போராடினார்கள் விவசாயிகள். நவம்பரில் ஏழு பேர் மீது பாய்ந்தது குண்டர் சட்டம். 1982-ல் வந்த சட்டம். விசாரணையே இல்லாமல் ஒரு வருஷம் வரை உள்ளே வைக்கலாம். ஊரே கொதித்த பிறகு ஆறு பேர் மீதான உத்தரவு வாபஸ். அதிகாரிகளைத் தடுத்தார்களா? வழக்குப் போட்டு நிரூபிக்கட்டும். அதற்கு எதற்கு ஐயா 'குண்டர்' பட்டம்?

பஸ்ஸைக் கொளுத்தினால் தொண்டர். நிலத்தைக் கொடுக்க மறுத்தால் குண்டர். செய்த காரியத்தைப் பார்த்து நாம் பெயர் வைப்பதில்லை; பின்னால் யார் நிற்கிறார் என்று பார்த்துத்தான் வைக்கிறோம். 'நாம்' என்றால் பத்திரிகையும் போலீஸும் மட்டுமில்லை, நீங்களும்தான். நம்ம கட்சிக்காரன் கல்லெறிந்தால் உணர்வு, எதிர்க்கட்சிக்காரன் எறிந்தால் ரவுடித்தனம் என்று டீக்கடையில் பேசாதவர் கை தூக்குங்கள்.

பெயரைக் குறைத்தால் குற்றம் குறைந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். ராஜீவ் காந்தி கொலை, தடா சட்டம் சொல்லும் பயங்கரவாதச் செயல் அல்ல என்று 1999-ல் உச்ச நீதிமன்றமே சொன்னது. ஆனால் கொலை கொலைதான் என்று நாலு பேரின் தூக்கை உறுதி செய்தது.

அடுத்த தடவை இப்படி ஒரு செய்தி படிக்கும்போது ஒன்று செய்யுங்கள். தொண்டர், ஆதரவாளர், தீவிரவாதி, குண்டர் எல்லாவற்றையும் பேனாவால் அடித்துவிடுங்கள். 'தீ வைத்தவர்', 'வெட்டியவர்', 'நிலம் தர மறுத்தவர்' என்று எழுதிப் படியுங்கள். அப்புறம் யார் மேல் கோபம் வருகிறது என்று பாருங்கள்.