இறைச்சி இல்லாத வறுவல்

விண்கலத்துக்குள் சமையல் நடக்கிறது. வாணலியைக் கிளறுபவர் ஜெட் பிளாக், முன்னாள் போலீஸ்காரர். குடைமிளகாயும் மாட்டிறைச்சியும் போட்ட வறுவல் என்று சொல்லித் தட்டை நீட்டுகிறார். தட்டில் குடைமிளகாய் மட்டும் கிடக்கிறது. இறைச்சி எங்கே என்று கூட்டாளி ஸ்பைக் சண்டைக்கு வருகிறான். கையில் காசில்லாவிட்டால் இதற்கும் அந்தப் பெயர்தான் என்கிற தோரணையில் பதில் வருகிறது. 'கௌபாய் பீபாப்' தொடரின் முதல் அத்தியாயத்தில் 2071ஆம் ஆண்டு நமக்கு அறிமுகமாவது இப்படித்தான். செவ்வாயில் நகரங்கள் எழுந்தாயிற்று; சட்டியில் கறி இல்லை.

ஜப்பானிய அறிவியல் புனைவு அனிமேத் தொடர்களின் முதல் அத்தியாயங்களை மட்டும் கொஞ்ச நாளாக ஓடிடி தளங்களில் வரிசையாகப் பார்த்துவந்தேன். பீபாப் இந்த வரிசையின் தலையில் வருவதற்கு ஒரு வேடிக்கையான காரணம் உண்டு. 1998 ஏப்ரலில் டிவி டோக்கியோ அதை ஒளிபரப்பத் தொடங்கியபோது முதல் அத்தியாயத்தைப் போடவே இல்லை, இரண்டாவதிலிருந்து ஆரம்பித்தார்கள். 26 அத்தியாயங்களும் முழுதாக வரத் தொடங்கியது அவ்வாண்டு அக்டோபரில், வாவாவ் என்ற கட்டண அலைவரிசையில். ஆக, அந்தக் காலத்து ஜப்பானிய ரசிகருக்குக் கிடைத்த முதல் பார்வையும் இன்று கைபேசியில் பார்ப்பவருக்குக் கிடைக்கும் முதல் பார்வையும் ஒன்றல்ல.

தொலைக்காட்சிக் காலத்தில் முதல் அத்தியாயத்தின் தலைக்கு மேல் எப்போதும் கத்தி தொங்கியது. 1974இல் 'விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ' 39 அத்தியாயங்களுக்குத் திட்டமிடப்பட்டு 26இல் முடிக்கப்பட்டது. யோஷியுக்கி டோமினோவின் 'மொபைல் சூட் குண்டம்' 1979இல் 52க்குப் பதில் 43இல் நின்றது. பொம்மை விற்கவேண்டிய விளம்பரதாரருக்குப் பொறுமை இல்லை. மறு ஒளிபரப்புகளும் பிளாஸ்டிக் மாதிரிகளும்தான் பிறகு அதைக் காப்பாற்றின. இன்றைய தளங்களில் தொடர் முழுவதும் பெரும்பாலும் முன்பே காத்திருக்கிறது. பார்ப்பவர்தான் காத்திருப்பதில்லை.

'நியான் ஜெனிசிஸ் எவாஞ்சலியன்' 1995இல் வந்தது. கதை நடப்பது 2015இல். ஆளரவமற்ற தெரு, சில்வண்டு இரைச்சல், பொதுத் தொலைபேசியைக் காதில் வைத்தபடி ஒரு பையன். இணைப்பு இல்லை. அடுத்த சில நிமிடங்களில் மலைக்குப் பின்னாலிருந்து ராட்சத உருவம் எழுந்துவருகிறது என்றாலும் என் மனதில் தங்கியது அந்தச் செத்துப்போன தொலைபேசிதான். 2019இல் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தபோது வசனங்கள் புதிதாக மொழிபெயர்க்கப்பட்டன. ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் ஒலித்துவந்த 'ஃபிளை மீ டு தி மூன்' பாடல் ஜப்பானுக்கு வெளியே நீக்கப்பட்டு அங்கே பியானோ இசை வந்து உட்கார்ந்தது. பழைய ரசிகர்கள் கோபித்துக்கொண்டார்கள். பாடலை அறியாமல் புதிதாக வருபவருக்கு எந்தக் குறையும் தெரியாது. நான் இதில் பழையவர்கள் கட்சி.

'சீரியல் எக்ஸ்பெரிமெண்ட்ஸ் லெய்ன்' மின்கம்பிகளின் ரீங்காரத்தாலேயே பயமுறுத்துகிறது. இறந்துபோன மாணவியிடமிருந்து மின்னஞ்சல் வருவது அதற்குப் பிறகுதான். 'ஸ்டைன்ஸ் கேட்' பற்றிச் சொல்ல அதிகமில்லை. டோக்கியோவின் அகிஹபாராப் பகுதியில் அத்தனை குழப்பத்தையும் முதல் நாளிலேயே கொட்டிவிடுகிறார்கள். பொறுமை உள்ளவருக்குப் பின்னால் பலன் உண்டு.

'சைபர்பங்க்: எட்ஜ்ரன்னர்ஸ்' ஓடிடிக்கென்றே பிறந்த தொடர். டிரிகர் ஸ்டூடியோ எடுத்தது; 2022 செப்டம்பரில் பத்து அத்தியாயங்களும் ஒரே நாளில் வந்தன. துப்பாக்கியும் ரத்தமும் ஏராளம். ஆனால் கதை நடக்கும் ஊரின் நியாயம் எனக்குப் புரிந்தது ஒரு துணி துவைக்கும் இயந்திரத்தால். கணக்கில் பணமில்லை என்று அது பாதியில் நின்றுவிடுகிறது. சற்று நேரத்தில் சாலையில் அடிபட்டுக் கிடக்கும் நாயகனின் தாயை, சந்தா கட்டாதவள் என்று மருத்துவக் குழு விட்டுவிட்டுப் போகும்போது நமக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை. துவைக்கும் இயந்திரம் முன்பே சொல்லிவிட்டது.

சின்னப் பொருளை வைத்தே ஓர் உலகத்தைச் சொல்லிவிடும் இந்த வித்தையில் 'பிளானட்டஸ்' தொடரை எதுவும் மிஞ்சவில்லை என்பேன். மகோட்டோ யுகிமுராவின் மங்கா சித்திரக்கதையிலிருந்து கோரோ தனிகுச்சி இயக்கி 2003இல் என்எச்கே ஒளிபரப்பியது. ஆண்டு 2075. பூமியைச் சுற்றும் குப்பையைப் பொறுக்குவது ஒரு நிறுவனத்தின் வேலை; அதைச் செய்யும் பிரிவுக்கு ஆளும் பணமும் பாதிதான் என்பதால் மற்றவர்கள் வைத்த கேலிப்பெயர் 'அரைப் பிரிவு'. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் பெரிய கனவோடு வரும் தனபேயின் முன்னால், மூத்த ஊழியன் ஹச்சிமாக்கி டயப்பரோடு வந்து நிற்கிறான். விண்வெளி உடைக்குள் மணிக்கணக்கில் வேலை செய்பவன் வேறென்ன கட்டுவான்? ஒரே ஒரு திருகாணி மோதிப் பயணிகள் கலம் அழிந்ததையும் தொடர் சொல்லிவிடுகிறது. சுற்றுப்பாதையில் குப்பை பெருகினால் மோதலிலிருந்து மோதல் பிறக்கும் என்று டொனால்ட் கெஸ்லர் 1978இலேயே எழுதியிருந்தார். தொடர் வந்து ஆறாண்டுகளுக்குள், 2009 பிப்ரவரியில், இரிடியம் 33, காஸ்மோஸ் 2251 என்ற இரு செயற்கைக்கோள்கள் சைபீரியாவுக்கு மேலே மோதிச் சிதறின.

கடைசியாகப் பார்த்தது 'புளூட்டோ'. ஒசாமு தெசுகாவின் 'ஆஸ்ட்ரோ பாய்' கதை ஒன்றை நவோக்கி உரசாவா மறுபடி எழுதிய மங்காவின் திரைவடிவம்; 2023இல் எட்டு அத்தியாயங்களாக வந்தது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மணி நேரம். வாராந்திர அரைமணிக் கட்டத்துக்குள் இந்த நிதானம் அடங்கியிருக்காது. ஓடிடிக்கு நன்றி சொல்லவேண்டிய இடம் இது. துப்பறியும் ரோபோ கெசிக்ட், பணியில் அழிந்த காவல் ரோபோவின் நினைவுச் சில்லை அதன் மனைவியிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறான். அவளும் ரோபோ, பழைய மாதிரி. தகர முகம், அசையக்கூடிய தசை எதுவும் அதில் இல்லை. துயரமான நினைவுகளை வேண்டுமானால் அழித்துவிடட்டுமா என்கிறான். வேண்டாம் என்கிறாள். முகம் அப்படியே இருக்கிறது. படம் வரைந்தவர்களும் அதில் ஒரு கோட்டைக்கூட மாற்றவில்லை.

அத்தியாயத்தின் முடிவில், பார்வையற்ற இசைஞர் ஒருவர் தன்னிடம் பியானோ கற்ற போர் ரோபோவுக்காக வானத்தை நோக்கிக் காத்திருக்கிறார். அது திரும்பி வராது என்று நமக்குத் தெரியும். அதற்குள் பெயர்ப்பட்டியல் சுருங்கி மூலைக்குப் போய், அடுத்த அத்தியாயத்துக்கு நொடிகளை எண்ணத் தொடங்கிவிட்டது. அவசரமாக ரிமோட்டைத் தேடினேன்.